இறக்கம் தெரிந்த விளையாட்டு

இப்போது எல்லோரும் விளையாடிக்கொண்டிருக்கிற வீடியோ கேம்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், எங்கே திரும்பினாலும் ஒரு மலை நிற்கிறது. 2025 ஜூனில் வந்த பீக் முழுக்க முழுக்க மலையேற்றம்தான். அதே மாதம் வந்த டெத் ஸ்ட்ராண்டிங் 2-இல் முதுகில் சுமையோடு மலை தாண்ட வேண்டும். செப்டம்பரில் வந்த ஹாலோ நைட்: சில்க்சாங், அடிவாரத்தில் தூக்கிப் போட்டுவிட்டு மேலே ஏறி வா என்கிறது. இவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உச்சியில் நின்றால் தெரிகிற காட்சியைத்தான் புகழ்கிறார்கள். மேகம் கீழே போகிறது, சூரியன் மறைகிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அந்தக் கண்ணீரில் சண்டை எதுவும் இல்லை. ஆனால் நான் கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவள், இங்கேயே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். மலை வைத்த கேம் எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இதைச் செய்தவர்களுக்கு இறங்கத் தெரியுமா?

இந்தக் கேள்வி ஏன் எனக்கு முக்கியம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலையில் குடியிருக்கிறவர்களுக்கு உச்சியோடு பெரிய உறவு கிடையாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். இ-பாஸ் எடுத்து வருகிறவர்கள் வண்டியிலேயே மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் அங்கே போவது சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து வந்தால்தான். ரங்கசாமி மலைக்குச் சாமி கும்பிடப் போவோம். மற்றபடி எங்கள் வாழ்க்கை சரிவில்தான். வீடு ஒரு மேட்டில், பஸ் ஸ்டாப் அதற்குக் கீழே, இலை எடை போடும் ஷெட் இன்னும் கீழே, ரேஷன் கடை எதிர்ப்பக்க மேட்டில். ஒரு பால் பாக்கெட் வாங்க வேண்டும் என்றாலும் ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் உண்டு. "ஏத்தத்துல மூச்சு போகும், இறக்கத்துல முட்டி போகும்" என்று அம்மா சொல்வார். மூச்சு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் திரும்பி வந்துவிடும். முட்டி வராது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வலி எப்போது தொடங்கியது என்று. மூட்டையோடு இறங்கியதைத்தான் சொல்வார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் விளையாடுகிற கேம்களைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிற பையன்கள் கையில் பெரும்பாலும் பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை கேம்தான். 2020 செப்டம்பரில் பப்ஜி தடையானபோது இந்தப் பையன்கள் துக்கம் அனுசரித்தார்கள். 2021 ஜூலையில் புதுப் பெயரில் வந்ததும் அதே குழுக்கள் அப்படியே மறுபடி கூடிவிட்டன. நல்ல கேம், நண்பர்களோடு விளையாட இதைவிடச் சுலபமாக எதுவும் கிடைக்காது. அதில் மலை என்றால் சுடுவதற்கு வசதியான உயரம், அவ்வளவுதான். "ரிட்ஜப் புடி" என்று கத்துவார்கள், பிடித்ததும் படுத்துக்கொள்வார்கள். ஓடும்போது காலுக்குக் கீழே சரிவு என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. அதற்கு அந்த கேமைக் குறை சொல்ல மாட்டேன், அது சொல்ல வந்த கதையே வேறு.

அடுத்த பெரிய கூட்டம் பஸ் ஓட்டுகிற கூட்டம். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்று 2017-இல் ஒரு மொபைல் கேம் வந்தது. வண்டிக்கு நாமே பெயிண்ட் டிசைன் போட்டுக்கொள்ளலாம், புது வண்டிகளையே சேர்த்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். உடனே கேரளப் பையன்களும் நம் பையன்களும் உள்ளே புகுந்து அதை நம் ஊராக்கிவிட்டார்கள். நம் அரசுப் பேருந்தின் நிறம், எழுத்து, தனியார் வண்டிகளின் சாமி படம், ஹாரன் சத்தம் வரை எல்லாம் உண்டு. எந்த டிப்போ வண்டியில் எந்த இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று பத்து வயதுப் பையன் சண்டை போடுகிறான். இந்த அக்கறையைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே பெருமையாக இருக்கிறது. குறை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையன்கள் ஓட்டுவதை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகத்தில் போகின்றன. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாலும் வண்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு போட்டிருப்பதற்குக் காரணமே இறக்கம்தான். குறைந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்க வேண்டும், பிரேக்கை நம்பி இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். கம்ப்யூட்டரில் ஆடுகிற யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அதில் ஏர் பிரேக் அமைப்பை ஆன் செய்துகொண்டால், இறக்கத்தில் மறுபடி மறுபடி பிரேக் மிதிக்கும்போது காற்றழுத்தம் குறைந்துகொண்டே வரும். பிரேக்கைத் தொடாமலே வேகத்தை மட்டுப்படுத்துகிற ரிட்டார்டரைப் போட்டு நிதானமாக இறக்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். 2012-இல் வந்த கேம், இன்னமும் ஆள் குறையாமல் ஓடுகிறது.

சரி, வண்டியை விட்டு இறங்கிக் காலுக்கு வருகிறேன்.

காலால் ஏறுகிற கேம்களில் 2017-இல் வந்த செல்டா, பிரெத் ஆஃப் தி வைல்ட், ஒரு கதவைத் திறந்தது. கண்ணுக்குத் தெரிகிற எந்தப் பாறையிலும் ஏறலாம் என்றது. அதற்கு முன்பு பெரும்பாலான கேம்களில் ஏறக்கூடிய இடத்துக்கு ஓர் அடையாளம் இருக்கும், மற்ற பாறையெல்லாம் சுவர். செல்டாவில் ஒரு பச்சை வட்டம் நம் தெம்பைக் காட்டும், அது தீர்வதற்குள் கால் ஊன்ற இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை வந்தால் பாறை வழுக்கும். பாதி ஏறியபோது மழை பிடித்துக்கொண்டால் நாலு அடி ஏறி இரண்டு அடி சறுக்க வேண்டியதுதான். மழையைப் பற்றிப் பலரும் எரிச்சல்பட்டார்கள். நான் அந்த மழையை அந்த கேமின் மிக நல்ல விஷயங்களில் ஒன்றாக நினைக்கிறேன். ஒரு பாறைக்கடியில் நின்று மழை விடும் வரை காத்திருக்க வைக்கிற கேம் வேறு எத்தனை இருக்கிறது? மழை பெய்தால் வேலை நிற்கும் என்பது எங்களுக்கு ஒரு செய்தியே அல்ல. ஆனால் இறக்கத்துக்கு அது வைத்திருக்கிற பதில் ஒரு துணிப் பாராசூட். உச்சியிலிருந்து குதித்து விரித்தால் அடிவாரம் வந்துவிடும். பறப்பது சுகம்தான், நானும் அதை ரசித்தவள்தான். இருந்தாலும் ஏறும்போது பாறைக்குப் பாறை கணக்குப் பார்த்த கேம், இறங்கும்போது முழு மலையையும் தள்ளுபடி செய்துவிடுகிறது.

பீக்குக்கு வருகிறேன். இதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்துகொண்டிருக்கிறது. தம்பி கோவையில் வேலை பார்க்கிறான், வார இறுதியில் லேப்டாப்போடு வருவான். அவனும் அவன் கல்லூரி நண்பர்களும் சேர்ந்தால் பீக்தான். அமெரிக்காவின் அக்ரோ கிராப், சுவீடனின் லேண்ட்ஃபால் என்ற இரண்டு சின்ன ஸ்டுடியோக்கள் சேர்ந்து செய்தது. விலை குறைவு, நான்கு பேர் வரை சேர்ந்து விளையாடலாம். வந்த சில மாதங்களுக்குள் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் போய்விட்டது. விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்ட சாரணர்கள், அங்கே இருக்கிற மலையின் உச்சிக்கு ஏறினால்தான் உயிர் பிழைப்பார்கள். மலை தினமும் மாறும். நேற்று ஏறிய வழி இன்றைக்கு இருக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தெம்புப் பட்டை. பசி, காயம், விஷம், குளிர், முதுகில் இருக்கிற பையின் எடை எல்லாமே ஒரே பட்டையில் இடம் பிடிக்கும். மிச்சம் இருக்கிற இடம்தான் நம் தெம்பு. தேவைப்படுமே என்று நான்கு பொருளை அதிகமாக அள்ளிப் போட்டுக்கொண்டால் அந்த அளவுக்கு ஏறுகிற தெம்பு குறைந்துவிடும். இவ்வளவு எளிமையாக, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல், உடம்பு என்பது ஒரே உடம்புதான் என்று காட்டிய கேம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. பசியோடு சுமை தூக்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். தெம்பு தீர்ந்து விழப்போகிறவனுக்கு மேலே நிற்கிறவன் கை நீட்டி இழுக்கலாம். மயங்கிவிட்டவனை முதுகில் தூக்கிக்கொண்டே ஏறலாம். குரல் தூரத்துக்கு ஏற்றபடிதான் கேட்கும், பள்ளத்தில் விழுந்தவனின் கத்தல் தேய்ந்துகொண்டே போகும்.

அப்புறம் அந்த மூடுபனி. ஓர் இடத்திலேயே தாமதித்தால் கீழிருந்து மெல்ல ஏறி வரும், அதற்குள் மாட்டினால் குளிரில் பட்டை நிறைந்துவிடும். கோத்தகிரியில் சாயங்காலம் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றவர்களுக்கு இது புதிதல்ல. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏறி வந்து, முதலில் கீழ்த் தோட்டத்தை மூடி, அப்புறம் சில்வர் ஓக் மரங்களை மூடி, அப்புறம் ரோட்டுக்கு வரும். சமவெளியில் எழுதிய கதைகளில் பனி மேலிருந்து இறங்கும். ஏறி வருகிற பனியை ஒரு கேமில் பார்த்ததும் இதைச் செய்தவர்களில் யாரோ ஒருவர் மலையில் இருந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வழக்கு என்னவென்றால், உச்சிக்குப் போய் ஒரு வெளிச்சத்தைக் கொளுத்தினால் ஹெலிகாப்டர் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். கேம் முடிந்தது.

"அதெப்படிடா, ஏறினதோட முடிஞ்சிடுமா?" என்று கேட்டேன்.

"அக்கா, இறங்கறதையும் வச்சா எவன் விளையாடுவான்?"

"நீ தினமும் பஸ் ஸ்டாப்புக்கு இறங்கறதானே?"

"அதுக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்கக்கா."

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு நண்பர்கள் இரவு பத்து மணிக்குச் சிரித்துக் கத்தி விளையாட ஓர் ஆட்டத்துக்கு ஒரு முடிவு வேண்டும். ஆனாலும் நான் என் கட்சியை விடவில்லை. மயங்கிய நண்பனை முதுகில் போட்டுக்கொண்டு ஏறுவது இவ்வளவு நன்றாக இருக்கிறதென்றால், அதே நண்பனைச் சுமந்துகொண்டு இருட்டுவதற்குள் இறங்குவது எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஏறும்போது கண்ணுக்கு எதிரே பாறை இருக்கும், அடுத்த பிடி எங்கே என்று தெரியும். இறங்கும்போது அடுத்த அடி வைக்கும் இடம் நம் காலாலேயே மறைந்திருக்கும். அந்தப் பயத்தை நான்கு பேர் சேர்ந்து அனுபவிக்க ஒரு கேம் இன்னும் வரவில்லை.

சில்க்சாங் இந்த விஷயத்தில் என்னைக் கொஞ்சம் ஆச்சரியப்படுத்தியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கிற டீம் செர்ரி என்ற மிகச் சின்னக் குழு செய்தது. 2019-இல் அறிவித்து, 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி வெளியிட்டபோது வாங்க வந்த கூட்டத்தில் கடைத் தளங்களே தடுமாறின. முதல் பாகத்தில் பூமிக்கு அடியில் இறங்கிக்கொண்டே போக வேண்டும். இதில் ஃபார்லூம் என்ற ராஜ்ஜியத்தின் அடியிலிருந்து, உச்சியில் இருக்கிற கோட்டைக்கு ஏற வேண்டும். அந்தப் பாதை ஒரு யாத்திரைப் பாதை. வழியெல்லாம் மணிகள், வழியெல்லாம் மேலே போய்ச் சேர முடியாமல் விழுந்து கிடக்கிற யாத்ரீகர்கள். பணமே ஜெபமாலை மணிதான். களைத்து உட்காருகிற பெஞ்சுக்கும் சில இடங்களில் மணி கொடுக்க வேண்டும். ஷெர்மா என்று ஒரு சின்னப் பூச்சி, பாட்டுப் பாடினால் கதவு திறக்கும் என்று நம்பிப் பாடிக்கொண்டே ஏறுகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களை ரோட்டில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பூச்சியை விட்டு நகர மனம் வராது. பழனியில் 693 படிகள். வின்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, அப்படியும் படியில் ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஃபார்லூமின் யாத்ரீகர்களை எழுதியவர்களுக்கு அந்தப் பிடிவாதம் தெரிந்திருக்கிறது.

அதில் மவுண்ட் ஃபே என்று ஒரு பனிமலை வரும். அங்கே குளிரே எதிரி. நின்றால் உயிர் குறையும், ஆங்காங்கே கதகதப்பான இடங்களில் ஒண்டி, உடம்பு சூடேறியதும் அடுத்த தாவல். விழுந்தால் குளிரோடு மறுபடி ஏற வேண்டும். டிசம்பரில் உறைபனி விழுந்த காலையில், குளியலறையிலிருந்து அடுப்பங்கரைக்கு ஓடுகிற ஓட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. உச்சியில் ஒரு பெரிய பரிசு இருக்கிறது. காற்றில் இன்னொரு முறை தாவுகிற சக்தி. சிலர் இந்த கேம் ரொம்பக் கஷ்டம், அடித்தால் இரண்டு உயிர் போகிறது என்று குறைப்படுகிறார்கள். சண்டைகளைப் பற்றி அவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன், சில இடங்களில் அது நியாயமே இல்லை. ஏற்றத்தைப் பற்றி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். விழுவதற்கு விலை இல்லாத மலை வெறும் ஏணி.

இதற்கு நேர் எதிரான ஒரு கேமும் எனக்கு உயிர். எ ஷார்ட் ஹைக். கனடாவின் ஆடம் ராபின்சன்-யூ கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்து 2019-இல் வெளியிட்டது. இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். பழைய லேப்டாப்பிலும் ஓடும், டவுன்லோடு பண்ண இரவெல்லாம் காத்திருக்க வேண்டாம். கிளேர் என்ற குட்டிப் பறவை அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஒரு முக்கியமான போன் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். அங்கே சிக்னல் கிடையாது. மலை உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். அதற்காக ஏறுகிறாள். இதைவிட நிஜமான காரணத்தை எந்த மலையேற்ற கேமும் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்ததை இந்த மலையில் எல்லோரும் பார்த்தோம். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குள் போன் பேச வேண்டும் என்றால் ஜன்னல் ஓரத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. கிளேர் இறங்குவதும் பறந்துதான். ஆனால் அவள் பறவை, அவளுக்கு இறக்கை இருக்கிறது, அதனால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அழைப்பு யாருடையது என்றும் சொல்ல மாட்டேன். விளையாடிப் பாருங்கள்.

இப்போது டெத் ஸ்ட்ராண்டிங். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஜப்பானிய கேம் இயக்குநர் ஹிடியோ கோஜிமா 2019 நவம்பரில் வெளியிட்டது. வந்தபோது பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், மீதிப் பேர் இது கூரியர் வேலை, இதற்குப் போய் ஒரு கேமா என்றார்கள். கதை சுற்றி வளைத்துச் செல்லும். நடுநடுவே முழுப் படம் பார்க்கிற மாதிரி நீளமான காட்சிகள் வரும், அதில் பலவற்றை வெட்டியிருக்கலாம். ஆனால் அதன் உள்ளே இருக்கிற வேலை எளிமையானது: சாம் என்பவன் முதுகில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்க் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த வேலைக்கு நடுவில் இருக்கிற ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு ஓடையும், ஒவ்வொரு சரிவும் கேமுக்குத் தெரியும். பெட்டியை உயரமாக அடுக்கினால் உடம்பு ஆடும். இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்க விசையை இறுக்கி நேராக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சாம் தோள்பட்டை வாரை இறுக்கிக்கொண்டு நிதானமாக நடப்பான். ஷூ தேயும். முழுக்கத் தேய்ந்தால் வெறுங்காலில் ரத்தம் வரும். மழை பட்டால் பெட்டி அரித்துப் போகும்.

நான் கோவையில் பழைய பி.எஸ். 4 கேம் கருவி ஒன்று வாங்கி இதை ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு கேம் பார்க்கும் பழக்கமே கிடையாது. சாம் ஒரு பாறைச் சரிவில் நேராக இறங்கினான், வேகம் கூடியது, கால் தடுமாறியது, குப்புற விழுந்து பெட்டிகளெல்லாம் உருண்டன.

"ஏம்மா, நேரா ஏன் இறக்கற? குறுக்கால போகச் சொல்லு."

சாமைத் திருப்பி, சரிவுக்குக் குறுக்காக நடக்க வைத்தேன்.

"அப்படியே கொஞ்ச தூரம் போயி, அப்புறம் இந்தப் பக்கம் திருப்பு. மூட்டைய மேடு இருக்கிற பக்கமா சாய்க்கணும். பள்ளத்துப் பக்கம் சாய்ஞ்சா ஆளையே இழுத்துக்கும்."

விசையை இறுக்கினேன். சாம் மேட்டுப் பக்கமாகச் சாய்ந்தான். காலுக்கடியில் சின்னக் கற்கள் நழுவின, ஆனால் அவன் நின்றான். திரும்பினான், மறுபடி குறுக்காக நடந்தான். அப்படியே இடமும் வலமுமாக அந்தச் சரிவு முழுவதையும் இறங்கி முடித்தோம். போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளின் நிலைமையைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வழியில் மழையில் நனைந்ததற்கும் விழுந்ததற்கும் குறைத்துவிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"அங்கயும் ஈரத்துக்குக் கழிக்கிறாங்களா?" என்றார் அம்மா.

எடை ஷெட்டில் மழை நாளில் நனைந்த கொழுந்துக்கு எடையில் கழிவு போடுவார்கள். 30 கிலோ மூட்டையைத் தலையில் வைத்து, வழுக்குகிற மண்ணில், அட்டை கடியோடு இறக்கிக் கொண்டுவந்து வைத்தால், முள் காட்டுகிற எடை ஒன்று, நோட்டில் ஏறுகிற எடை வேறு. வாழ்நாளெல்லாம் அந்தக் கணக்கோடு வாழ்ந்தவருக்கு ஜப்பானில் செய்த ஒரு கேமை விளக்க எனக்கு ஒரு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. எந்த விமர்சகரின் மதிப்பெண்ணையும்விட எனக்கு இது பெரிய சான்றிதழ்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. நாம் விளையாடும்போது மற்ற ஆட்டக்காரர்களை நேரில் பார்க்க மாட்டோம். ஆனால் அவர்கள் வைத்துவிட்டுப் போன ஏணி, கட்டிவிட்டுப் போன கயிறு நம் மலையிலும் இருக்கும். பல பேர் நடந்த இடத்தில் புல் தேய்ந்து ஒத்தையடிப் பாதை விழும். தேயிலைத் தோட்டத்தின் குறுக்குப் பாதைகளும் இப்படி விழுந்தவைதான். மழைக்காலத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் மண்வெட்டியால் நாலு படி வெட்டிவிட்டுப் போயிருப்பார். யார் என்று தெரியாது, கேட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் அதில் கால் வைத்து இறங்குவோம். டெத் ஸ்ட்ராண்டிங்கில் அப்படிப்பட்ட ஏணிக்கு ஒரு லைக் போடலாம். நான் போடாமல் தாண்டியதே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. அந்த மலைகளில் குடித்தனம் இல்லை. ஆட்கள் எல்லாம் நிலத்துக்கு அடியில் பதுங்கியிருக்கிறார்கள், சரிவில் ஒரு வீடு, ஒரு அடுப்புப் புகை, ஒரு நாய் கிடையாது. எங்கள் பாதையில் சாயங்காலம் காட்டுமாடு குறுக்கே நின்றுவிட்டால் அது நகரும் வரை நிற்க வேண்டும், அல்லது சுற்றிப் போக வேண்டும். கரடி பயத்தில் இருட்டியதும் தனியாக யாரும் இறங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட அன்றாடப் பயம் அதில் இல்லை, பேய்கள்தான் இருக்கின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஜிப்லைன் என்கிற கம்பி கட்டி, அதில் தொங்கிக்கொண்டு மலைக்கு மலை பறக்கலாம் என்று வந்ததும் கேம் தன் கையாலேயே தன் நல்ல பகுதியை ஓரம் கட்டிவிடுகிறது.

இரண்டாம் பாகத்தைக் கோவையில் தம்பியின் நண்பன் வீட்டில் கொஞ்சம்தான் ஆட முடிந்தது. மெக்சிகோவில் தொடங்கி ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது. அதில் நில நடுக்கம் வந்து பாறை உருளும், வெள்ளம் வந்து ஆறு அகலும். சரிவு அசையும் என்பதை ஒரு கேம் சொல்லியிருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்ற கேம்களில் மலை அசையாத சாமான். நீலகிரியில் 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்குப் பிறகு விடாமல் மழை பெய்கிற இரவுகளில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்சுவரை டார்ச் அடித்துப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. அந்தப் பயத்தைச் சண்டைக் காட்சியாக்காமல், இன்றைக்கு இந்த வழி இல்லை, வேறு வழி பார் என்று சாதாரணமாகச் சொல்கிற இடம்தான் எனக்கு அதில் பிடித்தது.

ஸ்டார்டியூ வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் போனில் அதைத்தான் ஆடுகிறார்கள். எரிக் பரோன் என்பவர் தனியாளாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து செய்து 2016-இல் வெளியிட்ட விவசாய கேம். மனதுக்கு இதமானது, யாருக்கும் தயங்காமல் சொல்வேன். அதில் மலைச்சரிவுப் பண்ணை என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆசையாகத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அங்கே சமதளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விதைக்க முடியும், மேட்டை வெட்டி மேடை கட்ட முடியாது. இந்த மலையில் கேரட்டும் பீட்ரூட்டும் விளைவதே சரிவை வெட்டி மேடை மேடையாக ஆக்கியதால்தான். ஒரு கல்வரிசை, ஒரு மண்வெட்டி, இரண்டு மழைக்காலம் என்று அதையே ஒரு கேமாகச் செய்யலாம்.

யாராவது செய்ய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். 2023-இல் வெண்பா வந்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்பங்கரை, இட்லித் தட்டு, அம்மாவின் சமையல் குறிப்பேடு. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. இட்லி அவிப்பதை உலகம் உட்கார்ந்து விளையாடும் என்றால் கொழுந்து மூட்டையை இறக்குவதையும் விளையாடும். விளையாட்டுக்கு விதி எழுதுவது இந்த மலைக்குப் புதிதும் அல்ல, ஸ்னூக்கருக்கான விதிகளை 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் எழுதி வைத்தார்கள். காலை ஏழரைக்குத் தோட்டத்துக்கு ஏறி, கொழுந்து பறித்து, மழை வருவதற்குள் எடை ஷெட்டுக்கு இறங்க வேண்டும். வழியில் காட்டுமாடு நிற்கலாம், படி கரைந்திருக்கலாம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இறக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

தம்பிக்கு இப்போது டெத் ஸ்ட்ராண்டிங் முதல் பாகத்தைத் தொடங்க வைத்திருக்கிறேன். ஜிப்லைன் கட்டக் கூடாது, முதல் முறை பனிமலையைக் காலாலேயே தாண்ட வேண்டும், திரும்பி வரும்போதும் நடந்தே வர வேண்டும் என்று நிபந்தனை. நேற்று ராத்திரி போன் செய்தான். பாதி மலையில் ஷூ தேய்ந்துவிட்டதாம், மாற்று ஷூ எடுத்துப் போகவில்லையாம், வெறுங்காலில் ஒவ்வோர் அடிக்கும் ரத்தம் வருகிறதாம். சுற்றிலும் பார், அகலமான இலையோடு ஒரு செடி இருக்கும், அதைப் பிடுங்கினால் செருப்பு செய்துகொள்ளலாம், ஊர் வந்து சேருகிற வரைக்கும் தாங்கும் என்று சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடுகிறேன் என்றான்.